மலையில் பட்ட நஞ்சுக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போட்டாலும் உருளை போட்டாலும் கேரட் போட்டாலும் மருந்து அடிக்காமல் வெள்ளாமை இல்லை என்றாகிவிட்டது. அடிக்கிறவர்கள் பெரும்பாலும் தினக்கூலிகள். முதுகில் டேங்க், முகத்தில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு. வாந்தி, கண் மங்கல், கை நடுக்கம் என்று ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்ததும் வீட்டில் பேச்சு தொடங்கும். மருந்து வெளிநாட்டுக் கம்பெனியின் மருந்து. அப்படியானால் கேஸை இங்கே போடுவதா, கம்பெனி இருக்கிற நாட்டிலா? ஐ.நா.வுக்கு எழுதலாமா? அல்லது ஏஜென்ட் மூலமாக வரும் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவதா?

மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் இதைத் துண்டு துண்டாகச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது ஒரு குழுவாகவே வந்து கேட்டிருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். உள்ளூர் வழக்கு முதலில் தாக்கலாக வேண்டும். வெளிநாட்டுப் புகார் அதன் கூடவே போகலாம், அதற்குப் பதிலாகப் போகக் கூடாது. வெளிநாட்டு நீதிமன்றம் மிகச் சிலருக்குத்தான் வழி. சமரசப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உடல்நலத்தையும் மண்ணையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசும் நிபந்தனையோடு.

"ஐ.நா.வில் கேஸ் போடலாமே" என்று நிறையப் பேர் கேட்பதால் அதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். சர்வதேச மனித உரிமை ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவது நாடுகள்தான், கம்பெனிகள் அல்ல. குடிமை உரிமைகளுக்கான ஒப்பந்தம், பொருளாதார சமூக உரிமைகளுக்கான ஒப்பந்தம் இரண்டிலும் இந்தியா 1979இல் சேர்ந்தது. ஆனால் தனிமனிதர் நேரடியாக ஐ.நா. குழுவிடம் முறையிட வழிசெய்யும் கூடுதல் நெறிமுறைகள் எதையும் இந்தியா ஏற்கவில்லை. மேல்மலையின் மன்னவனூரில் ஒருவர் பாதிக்கப்பட்டால் ஜெனிவாவில் வாதி, பிரதிவாதி, தீர்ப்பு என்று எதுவும் கிடையாது. அங்கே இருப்பது வேறொரு வழி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூஞ்சிக்கல் கற்றுக்கொடுத்தது

இந்த மலையில் இருக்கிறவர்களுக்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அது, பிறகு யூனிலீவர் குழுமத்தின் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கிடந்தது வெளியே தெரிந்து, போராட்டம் வெடித்து, ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தொழிலாளர்களின் நோய்க்கு ஆலைதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. நிபுணர் குழு, அறிக்கை, மறு அறிக்கை என்று ஆண்டுகள் ஓடின. 2015இல் இந்த விஷயத்தைப் பற்றிய ஒரு ராப் காணொளி உலகம் முழுக்கப் பரவி, நிறுவனத்தின் உலகத் தலைவரே பொதுவெளியில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு மனிதாபிமான அடிப்படையில் தொகை தருவதாக ஒப்பந்தம் ஆகி வழக்கு முடிந்தது. எவ்வளவு என்று வெளியிடவில்லை.

பலர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம், "கோர்ட்டால் ஒன்றும் ஆகவில்லை, வீடியோவால்தான் ஆனது" என்பது. அது பாதிதான் சரி. வெளிநாட்டில் பெயர் கெட்டதால் நிறுவனம் அசைந்தது உண்மை. ஆனால் அது அசைந்த நாளில் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு உயிரோடு இருந்தது. அதில் தொழிலாளர் சங்கம் ஒன்று மனுதாரராக நின்றது. யார் யார் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அது இல்லாதிருந்தால் அழுத்தம் ஒரு வருத்த அறிக்கையோடு முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அழுத்தம் வரும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வேண்டும், அந்தக் கொக்கி உள்ளூர் வழக்கு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மண் விஷயம் இந்த ஒப்பந்தத்தோடு முடிந்துவிடவில்லை. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றதை எதிர்த்து, பாம்பார் சோலையை ஒட்டிய இடத்துக்கு அது போதவே போதாது என்று உள்ளூர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வாதாடினார்கள். தொழிலாளர் உடல்நலம் ஒரு பாதையிலும் மண் வேறொரு பாதையிலும் போனதால்தான், ஒன்று முடிந்த பிறகும் மற்றொன்றைப் பேச முடிந்தது.

உள்ளூர் வாசல்கள்

எந்த மன்றம் என்று பார்க்கும் முன்னால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழுவில் வந்த ஓர் அக்கா ஜவுளிக்கடைப் பை ஒன்றை மடியில் வைத்திருந்தார். உள்ளே அவர் கணவர் அடித்த மருந்தின் காலி பாட்டில். வழக்கமாக இந்த பாட்டில்களை ஓடையில் வீசுவார்கள், அல்லது கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். இவர் கழுவாமல் அட்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். லேபிள் பாதி உரிந்துவிட்டது. ஆனால் நஞ்சின் கடுமையைக் காட்டும் முக்கோணக் குறியின் நிறம் தெரிகிறது, பேட்ச் எண் தெரிகிறது, தயாரித்தவர் பெயருக்குக் கீழே இந்தியாவில் விற்பவர் பெயரும் தெரிகிறது. கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டு. அதில் நஞ்சு என்று இருக்கிறது, எப்படி உடம்புக்குள் போனது என்று இல்லை. "டாக்டர் கேட்டாரு தம்பி, குடிச்சாரா, வீட்டுல சண்டையான்னு. நாங்க இல்லேன்னோம். அவர் அதை எழுதலை போல" என்றார்.

இந்த ஒரு வரி இல்லாததால் வழக்கு விழுந்துவிடலாம். பூச்சிமருந்து நஞ்சோடு யார் போனாலும் தற்கொலை முயற்சியா என்ற சந்தேகம்தான் முதலில் எழுகிறது. "தோட்டத்தில் மருந்து தெளிக்கும்போது" என்று சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயரையும் சொல்லுங்கள், முடிந்தால் பாட்டிலையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தாக இருந்தால் இரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் பரிசோதனை உண்டு, இந்த நஞ்சால் குறைந்துபோகும் ஒரு நொதியின் அளவைப் பார்ப்பது. அது உடனே எடுக்க வேண்டியது. சில வாரங்கள் போனால் அளவு தானாக மேலேறத் தொடங்கிவிடும், அப்புறம் எடுத்துப் பயனில்லை. இந்தக் காகிதங்கள் இல்லாமல் லண்டனிலும் சுவிட்சர்லாந்தின் பாசலிலும்கூட ஒன்றும் நடக்காது.

சரி, மன்றங்கள். கூலிக்கு மருந்து அடித்தவருக்குச் சட்டத்தில் மிக நேரான வழி, வேலைகொடுத்தவரிடம் இழப்பீடு கேட்பது. ஆனால் மேல்மலையில் வேலைகொடுத்தவர் என்பவர் பல நேரம் ஒன்றோ இரண்டோ ஏக்கர் குத்தகைக்கு எடுத்த பக்கத்து வீட்டுக்காரர். அவரும் அதே மருந்தைத்தான் அடிக்கிறார். மருந்து தயாரித்து விற்றவர் எங்கோ இருக்க, சட்டத்தின் சுலபமான பாதை ஊருக்குள்ளேயே சண்டை மூட்டி விடுகிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். கம்பெனியை நேரே பிடிக்க வேண்டும் என்று மக்கள் கேட்பதற்கு இதுதான் காரணம், பேராசை அல்ல.

நுகர்வோர் ஆணையம் அடுத்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் உடலுக்குக் கேடு வந்தால் தயாரிப்பாளரே பொறுப்பு என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. திண்டுக்கல்லிலேயே போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும், 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 87ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. பணியிடத்தில் பயன்படுத்துவதற்காக முதலாளி பொருளை வாங்கி, தயாரிப்பாளர் எச்சரிக்கையை அந்த முதலாளிக்குக் கொடுத்திருந்தால், எச்சரிக்கை போதவில்லை என்ற காரணத்தைச் சொல்லித் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது. கூலிக்கு அடித்தவரை இது அப்படியே வெளியே தள்ளிவிடும். தன் சொந்தப் பூண்டுக்குத் தானே கடையில் வாங்கி அடித்த சிறு விவசாயிக்கு மட்டும் இந்த வாசல் நல்ல வாசல். குழுவில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள் என்பதால் எல்லோருக்கும் ஒரே மனு எழுத முடியாது. கடை பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டாகப் பிரிய வேண்டும்.

பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கலாம், 5 ஆண்டு வரை கெடு. ஆலை கழிவு, நீர், மண் என்றால் அதற்குத்தான் போக வேண்டும். ஆனால் பூச்சிமருந்துச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் பட்டியலில் உள்ள சட்டங்களில் இல்லை. ஆகவே தெளித்தவரின் உடல்நலத்துக்கு அது பலவீனமான இடம். நீரோடையில் நஞ்சு கலந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதைத்தான் நான் இந்தக் குழுவுக்கு முதலில் வைக்கிறேன். அதில் எதிரி கம்பெனி மட்டுமல்ல, அரசும்தான். எப்படி அனுமதித்தாய், ஏன் கண்காணிக்கவில்லை, பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்தாய் என்று கேட்பது. இதற்கு மிக வலுவான முன்னுதாரணம் கேரளத்தின் காசர்கோடு. முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்த ஊர் அது. 2011 ஏப்ரலில், நீண்ட காலம் அழியாத நஞ்சுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகள் எண்டோசல்பானை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தன, அடுத்த மாதம் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க இடைக்காலத் தடை போட்டது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. சர்வதேசச் சட்டமும் உள்ளூர் நீதிமன்றமும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. குறையும் உண்டு. பணம் அரசின் பையிலிருந்து வருகிறது. யாருக்கு எது எப்படி நேர்ந்தது என்ற தகராறுகளை ரிட் நீதிமன்றம் ஆழமாகத் தோண்டாது. ஆனால் ஒரு மருத்துவக் குழுவை அனுப்பச் சொல்லி உத்தரவு வாங்கினால், சாட்சியச் செலவு முழுவதும் கூலியாள் தலையில் விழாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதையும் கேட்டு வாங்கலாம்.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு மனு அனுப்பி வைக்கலாம். செலவில்லை, தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். எண்டோசல்பான் விஷயத்தில் இழப்பீட்டுப் பேச்சைத் தொடக்கி வைத்ததில் அந்த ஆணையத்துக்கும் பங்கு உண்டு.

கம்பெனியின் ஊரில் போய்க் கேட்பது

"வெளிநாட்டுல போட்டா கோடிக்கணக்குல வருமாமே" என்று ஓர் அண்ணன் கேட்டார். இந்த ஆசைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை, அதனால் நின்று நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வேதாந்தா வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. ஜாம்பியாவில் சிங்கோலா பகுதியின் செப்புச் சுரங்கக் கழிவால் ஆறு கெட்டுப்போனது என்று 1,826 கிராமத்தவர் தொடுத்த வழக்கு அது. தாய் நிறுவனம் தன் அறிக்கைகளில் எல்லா கிளைகளிலும் சுற்றுச்சூழலை நாங்கள் கண்காணிக்கிறோம் என்று எழுதி வைத்திருந்தால், அந்தக் கண்காணிப்புக்கு அது பொறுப்பாகவும் நேரலாம் என்றது நீதிமன்றம். 2021 பிப்ரவரியில் ஷெல் நிறுவனத்துக்கு எதிராக நைஜீரிய மக்கள் போட்ட வழக்கிலும் அதே வழி திறந்தது. நெதர்லாந்தில் 2008இல் தொடங்கிய நைஜீரிய விவசாயிகளின் எண்ணெய்க் கசிவு வழக்கு 2021இல் மேல்முறையீட்டில் வென்று, 2022 டிசம்பரில் 1.5 கோடி யூரோவுக்கு முடிந்தது. 2025 நவம்பரில் பிரேசிலின் மரியானா அணை உடைப்புக்கு பி.எச்.பி. என்ற சுரங்க நிறுவனம் பொறுப்பு என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் இன்னொரு வரிசையும் இருக்கிறது. கென்யாவின் கெரிச்சோவில் யூனிலீவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், 2007 தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையில் தாக்கப்பட்டவர்கள், லண்டனுக்குப் போனார்கள். தோட்டத்தின் பாதுகாப்பைத் தாய் நிறுவனம் கையில் வைத்திருந்தது என்று காட்ட முடியவில்லை என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. இதே மலைக்காட்டு வேலை, இதே மாதிரித் தொழிலாளர்கள். தாய் நிறுவனம் என்ன செய்தது என்பதைக் காட்டும் காகிதம் பெரும்பாலும் தாய் நிறுவனத்தின் அலமாரியில்தான் இருக்கும், அதை வெளியே எடுக்கும் முன்னாலேயே வழக்கு முடிந்துபோகலாம்.

இந்தியர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். வேதாந்தா வழக்கை லண்டன் வைத்துக்கொள்ளக் காரணம், ஜாம்பியாவில் அவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணமும் வக்கீல்களும் கிடைக்காது என்பது. இந்தியாவைப் பற்றி அப்படி நிரூபிப்பது எளிதல்ல. போபால் நினைவிருக்கும். அப்போது இந்திய அரசே நியூயார்க் போய், எங்கள் நீதிமன்றங்களால் இதைக் கையாள முடியாது என்றது. யூனியன் கார்பைடு, இந்திய நீதிமன்றங்கள் போதும் என்றது. 1986இல் நீதிபதி கீனன் வழக்கை இங்கே அனுப்பினார். 1989இல் 47 கோடி டாலருக்கு முடித்தார்கள். அது போதாது என்று இந்திய அரசு போட்ட மறுசீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறிய பிறகு, வழக்கை நடத்த வேறொரு நாடுதான் பொருத்தமான இடம் என்ற வாதம் அங்கேயும் மறுபடி முழு பலத்தோடு வந்துவிட்டது. அதோடு, அங்கே வென்றாலும் இழப்பீடு பொதுவாகப் பாதிப்பு நடந்த நாட்டின் சட்டப்படியே கணக்கிடப்படும். அந்த அண்ணன் நினைக்கிற கோடி, இந்தக் கணக்கில் வராது.

மருந்து விஷயத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் யவத்மால். 2017இல் மகாராஷ்டிராவின் அந்த மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த நூற்றுக்கணக்கானோர் நஞ்சு ஏறிப் படுத்தார்கள், பலர் இறந்தார்கள். 2020 செப்டம்பரில், 3 ஆண்டுக் கெடு முடியும் தறுவாயில், பூச்சிமருந்துக் கம்பெனியான சின்ஜென்டா இருக்கும் சுவிட்சர்லாந்தில் இரண்டு வழியிலும் போனார்கள். 51 பேர் சார்பில் ஓ.இ.சி.டி. என்ற பணக்கார நாடுகள் அமைப்பின் தொடர்பு மையத்தில் புகார் போனது, அது என்ன என்று கீழே சொல்கிறேன். கணவனை இழந்த இரு பெண்களும் உயிர் பிழைத்த ஒரு விவசாயியும் பாசலில் இழப்பீடு கேட்டுப் போனார்கள். நிறுவனம் தன் மருந்தல்ல காரணம் என்று மறுத்தது. தொடர்பு மையத்தின் பேச்சுவார்த்தை 2022இல் உடன்பாடு இல்லாமல் முடிந்தது. இதில் நான் பார்ப்பது, பாதிக்கப்பட்ட அத்தனை பேரில் மூன்று பேர்தான் நீதிமன்றம்வரை போக முடிந்தது. போக முடிந்ததற்கும் ஐரோப்பாவில் வழக்கறிஞர் அமைப்புகள் பின்னால் நின்றதுதான் காரணம்.

ஆகவே என் கணக்கு இது: தாய் நிறுவனத்தின் நேரடிக் கட்டுப்பாட்டைக் காட்டும் காகிதம் இருக்க வேண்டும், தன் செலவில் வழக்கை ஏற்கும் அங்குள்ள ஒரு சட்ட அமைப்பு முன்வர வேண்டும், கெடுவுக்குள் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் போங்கள். ஒன்று குறைந்தாலும் வருடங்களை அதில் கரைக்காதீர்கள். கம்பெனி தன் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றி வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைகளை மட்டும் ஒவ்வொரு ஆண்டும் இறக்கிச் சேமித்து வையுங்கள். வேதாந்தாவைச் சிக்க வைத்தது அவர்கள் தாங்களே எழுதிய வரிகள்தான்.

கட்டாயம் இல்லாத புகார்கள்

ஓ.இ.சி.டி. தொடர்பு மையம் நீதிமன்றம் இல்லை. பணக்கார நாடுகள் தங்கள் கம்பெனிகள் வெளியே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் வழிகாட்டுதலை மீறினால் புகார் கேட்கும் அலுவலகம். இந்தியாவில் அந்த அலுவலகம் இல்லை, ஆனால் இங்கே நடந்ததற்கு அங்கே புகார் கொடுக்கலாம், கட்டணமும் இல்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்டுவது பற்றி அங்குள்ள டோங்ரியா கோந்து பழங்குடி மக்களைக் கலந்து பேசவில்லை என்று 2009இல் பிரிட்டன் தொடர்பு மையம் வேதாந்தாவைக் கண்டித்தது. சுரங்கத் திட்டம் அதனால் நிற்கவில்லை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி, 12 கிராம சபைகளும் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் முடிவாக நின்றது. லண்டன் காகிதம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். முதலீட்டாளர்கள் அதைப் படித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. ஆனால் தீர்மானித்தது மலைமேல் உட்கார்ந்து கைதூக்கிய மக்கள்.

முதலில் விட்டுவைத்த ஐ.நா. வழி இதுதான். நஞ்சுப் பொருட்களுக்கும் மனித உரிமைக்கும் என்று ஒரு சிறப்பு அறிக்கையாளர் இருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுதலாம். உள்ளூர் நீதிமன்றங்களை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவர் ஏற்றால் அரசுக்கும் கம்பெனிக்கும் கேள்வி போகும். 60 நாள் கழித்து அந்தக் கடிதமும் பதிலும் பொதுவெளியில் வரும். ஐரோப்பாவில் தடை செய்த பூச்சிமருந்தை வெளிநாட்டுக்கு விற்பதை நிறுத்த வேண்டும் என்று 2020இல் அப்போதைய அறிக்கையாளரும் பல நிபுணர்களும் வெளிப்படையாகக் கேட்டார்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2007இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடையாது, இங்கிலாந்தில் தயாராகி வெளியே போய்க்கொண்டே இருந்தது. பிரான்ஸ் 2022இலிருந்து இப்படிப்பட்ட ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தக் கருத்துகளை ரிட் மனுவில் இணைப்பாக வைத்தால் நீதிபதி படிப்பார். அந்த அளவுக்கு இந்த வழி பயனுள்ளது.

ஆனால் கடிதத்தில் யார் பெயர் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மலையில் எல்லோரும் யாரோ ஒருவரிடம் வேலைக்குப் போகிறவர்கள்தான். அடுத்த சீசனில் கூப்பிடாமல் விட்டால் அதைத் தண்டனை என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு, கேளுங்கள்.

காத்திருக்கச் சொல்கிறவர்கள்

கம்பெனிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் வரட்டும் என்று சிலர் சொல்வார்கள். 2014 ஜூனில் ஈக்வடாரும் தென்னாப்பிரிக்காவும் முன்னெடுத்த தீர்மானத்துக்கு இந்தியா உட்பட 20 நாடுகள் ஆதரவு கொடுத்தன, 14 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவற்றில் பெரும் கம்பெனிகளின் தாய்நாடுகள்தான் அதிகம். பேச்சு இன்னும் ஜெனிவாவில் ஓடுகிறது. பெரிய கம்பெனிகள் தங்கள் விநியோகச் சங்கிலியில் மனித உரிமைக்கும் சூழலுக்கும் கேடு வராமல் கண்காணிக்க வேண்டும் என்ற கடமைச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் கொண்டுவந்தது. 2025 டிசம்பர் உடன்பாட்டில் அது 5,000க்கு மேல் பணியாளர் உள்ள கம்பெனிகளுக்கு என்று சுருங்கி, பாதிக்கப்பட்டவர் ஐரோப்பா முழுக்க ஒரே விதியில் இழப்பீடு கேட்கும் பிரிவும் போய்விட்டது. சுருங்கும் முன்பேகூட, விற்ற பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு நேரும் கேடு அதன் வரம்பில் இல்லை. மருந்து அடிக்கிறவருக்கு அதனால் முதலிலிருந்தே பயனில்லை. ஐரோப்பாவுக்குத் தேயிலை அனுப்பும் நீலகிரித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அந்தச் சட்டமும் 2023இலிருந்து அமலில் உள்ள ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டமும் ஓரளவு பொருந்தும். அவர்கள் விஷயம் வேறு கட்டுரைக்கு உரியது.

தூய சுற்றுச்சூழல் மனித உரிமை என்று 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபையில் 161 நாடுகள் வாக்களித்தன. மனுவில் அதையும் சேர்ப்பேன்.

பணம் கொடுக்க ஆள் வரும்போது

வழக்கு தாக்கலானதும் இது வரும், சில நேரம் அதற்கு முன்பே வரும். வாங்குவது தப்பில்லை. மருந்துச் செலவுக்குக் கடன் வாங்கியிருக்கிற வீட்டில், பத்து வருடம் காத்திரு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் காகிதத்தில் மூன்று விஷயத்தைப் பாருங்கள். எதிர்காலத்தில் வரும் நோய்க்கும் சேர்த்து விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறதா? குடும்பத்தார் உரிமையையும் சேர்த்து எழுதியிருக்கிறதா? தண்ணீர், மண் பற்றிய புகாரையும் திரும்பப் பெறச் சொல்கிறதா? இதில் எது இருந்தாலும் கையெழுத்தை நிறுத்திவையுங்கள். நீதிமன்றத்தில் பதிவாகாத சமரசத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் போகவே கூடாது, சங்கமாகத்தான் போக வேண்டும்.

இந்தக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் வரிசை: கூலியாட்களுக்கு மதுரைக் கிளையில் ரிட் மனு. சொந்த நிலத்துக்கு அடித்த விவசாயிகளுக்கு திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் தனி மனு. மனித உரிமை ஆணையத்துக்கு ஓர் ஆண்டுக் கெடுவுக்குள் ஒரு கடிதம். இவை தாக்கலான பிறகு, பெயர் மறைத்து ஐ.நா. அறிக்கையாளருக்கு ஒன்றும், கம்பெனியின் நாட்டுத் தொடர்பு மையத்துக்கு ஒன்றும். வெளிநாட்டு நீதிமன்றத்தை இப்போதைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த அண்ணனுக்கு இதில் இன்னும் சம்மதமில்லை, அங்குள்ள ஒரு சட்ட அமைப்புக்கு எழுதிப் பார்ப்போம் என்கிறார். எழுதட்டும், அதற்காக ரிட் மனு காத்திருக்க வேண்டியதில்லை.

வக்காலத்தில் எல்லோர் கையெழுத்தும் பூண்டு அறுவடை முடிவதற்குள் ஆகிவிட வேண்டும். அறுவடை முடிந்தால் பாதிப் பேர் வேலை தேடிக் கீழ்நாட்டுக்கு இறங்கிவிடுவார்கள்.